ஐஸ்கிரீம் மணியும் ஐந்து அதிதிகளும்

“…நான் கதைச்சாலும் அடியுங்கோ அன்ரி. ஆர் எவர் எண்டு பாக்கப்பிடாது. ரெண்டு நிமிசம் எண்டா ரெண்டு நிமிசம்தான்.”

சொன்னவள் மதுஷா. லிங்கநகர்ப் பிள்ளை. உயர்தர வகுப்பில் படிக்கிறாள். சொல்லிக்கொண்டே என் தையல் மெசினுக்கு மேல் ஒரு பித்தளை மணியை வைத்தாள். நான் தைத்துக்கொண்டிருந்த பாவாடைக் கரை பாதியில் நின்றது.

மணி எனக்குத் தெரிந்த மணிதான். பின்னேரங்களில் கடற்கரையில் சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்பாரே ஒருவர், அவருடையது. ஒரு நாளைக்கு இரவல் கேட்டு வாங்கிவந்திருக்கிறாள்.

“இதை ஏன் பிள்ளை என்னட்டத் தாறாய்?”

“இந்த ஊரில கனக்கக் கதைக்கிற ஆள் நீங்கள்தானே. பாம்பின்ர காலைப் பாம்புதான் அறியும் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்.”

எழுதினேனா? எழுதியிருப்பேன். வாராவாரம் இந்தப் பத்தியில் ஊரார் சொன்னதைத்தானே எழுதுகிறேன்... அது ஒருநாள் என் மெசினுக்கு மேல் வந்து உட்காரும் என்று யார் கண்டது?

வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் பள்ளிக்கூடம் என்னை விடவில்லை. துறைமுகப் பக்கம் எந்தப் பள்ளியில் கலைவிழா என்றாலும் உடுப்புத் தைக்க என்னிடம்தான் வருவார்கள். இந்த முறை வந்தது ஆசிரியர்கள் இல்லை. பிள்ளைகளே வந்தார்கள். ஏனென்றால் இந்த முறை விழாவை மாணவர்களே நடத்துகிறார்களாம்.

அதிபர் கூட்டத்தில் சொன்னாராம்: “இது உங்கட விழா. நான் ஒண்டிலயும் தலையிடமாட்டன்.”

சொல்லிவிட்டு பொக்கற்றிலிருந்து ஒரு பட்டியலை எடுத்துக் கொடுத்தாராம். பதினொரு அதிதிகள். பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி...

“அதிதி இல்லாமச் செய்வம் சேர்,” என்றிருக்கிறார்கள் பிள்ளைகள்.

“அதிதி இல்லாட்டி பொன்னாடையை ஆருக்குப் போர்த்துறது?”

நியாயமான கேள்வி. நம் ஊரில் பொன்னாடையை வாங்கிவிட்டுத்தான் தோளைத் தேடுகிறோம். பேரம் பேசிப் பேசிப் பதினொன்று ஐந்தானது. ஆளுக்கு இரண்டு நிமிடப் பேச்சு. நேரம் முடிந்தால் மணி. அந்த மணிதான் என் மெசினுக்கு மேல் வந்த மணி.

அது என்ன இரண்டு நிமிடப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மதுஷா போன வருடக் கதையைச் சொன்னாள்.

போன வருடம் சம்பூர்ப் பக்கப் பள்ளி ஒன்றிலிருந்து ஐந்து பெண்பிள்ளைகள் நாடகம் போட வந்திருந்தார்கள். ஒரு கிணறு, அதற்குச் சண்டை பிடிக்கும் ஐந்து வீட்டு ஆம்பிளைகள். ஐந்து பேருக்கும் ஐலைனரால் மீசை. திரைக்குப் பின்னால் மீசையோடு காத்திருந்தார்கள். முன்னால் பேச்சு நடந்தது. ஒருவர் முடிக்க மற்றவர் எழும்பினார். அவர் முடிக்க இன்னொருவரை “இரண்டு வார்த்தை” பேச அழைத்தார்கள். அவர் அந்த இரண்டையும் அரை மணித்தியாலம் தேடினார். பஸ் எடுக்கிற நேரம் வந்துவிட்டது. மீசையோடு வந்தவர்கள் மீசையோடேயே திரும்பிப் போனார்கள். அவர்களிடம் போய், “இனி நேரமில்லை, நீங்கள் போகலாம்,” என்று சொல்லும் வேலை மதுஷாவுக்குத்தான் கிடைத்ததாம்.

இந்த முறை கூப்பிட போன் எடுத்தபோது அந்தக் குழுவின் தலைவி யதுர்ஷா சொன்ன பதிலை மதுஷா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

“அக்கா, போன முறை மீசையை அழிக்க அரைப் போத்தல் தேங்காயெண்ணெய் முடிஞ்சது. இந்த முறையும் நடிக்க விடமாட்டீங்கள் எண்டா எண்ணெயையும் நீங்களே தந்துவிடுங்கோ.”

மதுஷா வாக்குக் கொடுத்திருக்கிறாள். நாடகம் முழுசாக நடக்கும். ஒரு வரி வெட்டமாட்டோம்.

நாடகம் முப்பத்தைந்து நிமிடம். அப்படியென்றால் முதலிலேயே போட்டுவிட்டால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். ஏலாதாம். சனிக்கிழமை காலை அவர்களுக்கு வகுப்பு. அது முடிந்து பஸ் ஏறி வந்து உடுப்பு மாற்றி மீசை வைக்க நாலரை ஆகிவிடும். அதிதிகளும் மூன்று மணிக்கு என்றால் நாலரைக்குத்தான் வருவார்கள். ஆகவே நாலரைக்குப் பேச்சு, நன்றியுரை. ஐந்து மணிக்குள் நாடகம். ஐந்தரைக்கு பஸ்.

ஐந்தரை என்றால் ஐந்தரை. பஸ்காரர் நசீர் நானா, மூதூர்க்காரர், அவர் சொன்னதை நான் கொப்பியில் எழுதியே வைத்திருக்கிறேன்:

“பொழுதுபட்டா மூதூருக்கு அங்கால றோட்டு யானைட சொத்து. நாம ஹோன் அடிச்சா அது விலகாது. அது சத்தம் போட்டா நாமதான் விலகணும்.”

இப்படிப் பேசத் தெரிந்த ஆளை மேடையில் ஏற்றாமல் பஸ்சில் உட்கார வைத்திருக்கிறோம்.

சரி, நான் செய்த உதவிக்கு வருகிறேன். பிள்ளைகள் நடத்தும் விழாவுக்குப் பெரியவர்கள் உதவுவது என்றால் என்ன? பிள்ளைகள் கையில் இருப்பதைப் பிடுங்கி, “இப்படி இல்லை, இப்படி,” என்பது. நானும் குறை வைக்கவில்லை. முதல் கூட்டத்தில் எட்டு யோசனை சொன்னேன். செயலாளர் பிள்ளை பணிவாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. பிறகு ஒருநாள் அந்தக் கொப்பி என் கடைக் கதிரையில் திறந்தபடி கிடந்தது. ‘அன்ரி சொன்னவை’ என்று தலைப்பு. கீழே எட்டும் ஒழுங்காக. அதற்குக் கீழே ஒரு வரி: ‘நல்ல யோசனைகள். உடுப்பு எப்ப முடியும் எண்டு கேக்கவேணும்.’

அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு உடுப்பை முடித்தேன்.

நன்றியுரை மதுஷாவுடையது. முதலில் நாலு பக்கம் எழுதினாள். சட்டம் போட்டவளே சட்டத்தை மீறலாமா? வெட்டி வெட்டி ஒரு பக்கமாக்கினாள். என் கடையில் நின்று பதினொரு தரம் வாசித்துப் பார்த்தாள். நான் ஊசிக்கு நூல் கோத்தபடி நேரம் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து செக்கன். கடைசி வரி அவளுடைய அப்பாவைப் பற்றியது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மகள் மேடையில் பேசி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த முறை ஷிஃப்ட் மாற்றி வருவதாகச் சொல்லியிருந்தார். அவளுக்கும் இதுதான் முதல் மேடை. அந்த வரி வரும்போதெல்லாம் அவள் கொஞ்சம் அவசரமாக வாசித்தாள். நானும் கொஞ்சம் அவசரமாகத் தைத்தேன்.

விழா நாள் வந்தது.

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஐந்து அதிதிகள். அதே வரிசை ஓரத்தில் ஒரு கதிரையில் நான், மடியில் மணி. மதுஷாவின் அப்பா கடைசி வரிசைக்கும் பின்னால் போனைக் குறுக்காகப் பிடித்தபடி நின்றார். நாலரைக்கு முதலாவது அதிதி எழும்பினார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் மேடைகளில் பேச்சை விட விளிப்பு நீளம். ‘பிரதம அதிதி அவர்களே, சிறப்பு அதிதி அவர்களே’ என்று தொடங்கி ஒலிபெருக்கிக்காரர் வரை வந்து முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். பிள்ளைகள் போன வருட வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விளிப்பு மட்டுமே இரண்டு நிமிடத்துக்கு மேல். ஆகவே இந்த முறை ஒரு மாணவி எல்லாப் பேச்சாளர்கள் சார்பிலும் எல்லோரையும் ஒரே தடவையில் விளித்துவிட்டாள். இனி வருகிறவர்கள் நேரே விடயத்துக்குப் போகலாம்.

போனார்களா?

முதலாமவர் தொடங்கினார்: “எல்லாரையும் பிள்ளைகள் ஏற்கெனவே விளித்துவிட்டபடியால், பிரதம அதிதி அவர்களையோ, அதிபர் அவர்களையோ, பிரதி அதிபர் அவர்களையோ, பெற்றோர் சங்கச் செயலாளர் அவர்களையோ நான் மீண்டும் விளிக்கப்போவதில்லை...”

விளிக்கப்போகாதவர்களின் பட்டியல் ஒரு நிமிடம் நாற்பது செக்கன் ஓடியது. மிச்சம் இருபது செக்கனில் கலையின் பெருமையைத் தொட்டார். நான் மணியைத் தூக்கி அடித்தேன்.

அடுத்து நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆரம்பப் பிரிவுச் சின்னஞ்சிறுசுகள் பின்வரிசைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த மணி என்றால் ஒன்றுதான். பத்துப் பதினைந்து பேர் எழும்பி கேற்றுக்கு ஓடினார்கள். கேற்றில் யாருமில்லை. முகம் தொங்கத் திரும்பி வந்தார்கள். அதிதி மட்டும் தன் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளைகள் ஓடினார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, நேரே போய் இருந்துவிட்டார்.

இரண்டாவது மணிக்கும் ஓட்டம். அதே ஏமாற்றம். சின்னப் பிள்ளைகளின் நம்பிக்கையை என்னவென்று சொல்வது... ஒரு தரம்கூட ‘போன முறை இல்லைத்தானே’ என்று அவர்கள் யோசிக்கவில்லை.

மூன்றாமவருக்குத்தான் அநியாயம் நடந்தது. பாவம், சாதுவான மனிதர். நாற்பது செக்கன்கூடப் பேசியிருக்கமாட்டார். வெளியில் மணிச் சத்தம். நான் அடிக்கவில்லை. மணியின் சொந்தக்காரர், தன் மணிக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர், வேறொரு மணியோடு கேற்றில் நின்று வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார். அதிதி என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதை அவர் ‘போதும்’ என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். சின்னஞ்சிறுசுகளுக்கு இந்த முறை ஐஸ்கிரீம் கிடைத்தது. நாடகத்துக்கு ஒரு நிமிடம் இருபது செக்கன் இலாபம்.

நாலாமவர் மணிக்குப் பயந்து எழுதி வந்ததை ஒரே மூச்சில் வாசித்தார். நான் மணியில் கை வைக்க முன்னமே முடித்தார்.

மணி நாலு முப்பத்தெட்டு. எல்லாம் திட்டப்படி. மதுஷா திரைக்குப் பக்கத்தில் நின்று எனக்குப் பெருவிரலைக் காட்டினாள். எனக்கும் ஒரு மிதப்பு வந்தது. அதிகாரம் என்பது இவ்வளவுதானா? ஒரு பித்தளை மணி.

ஐந்தாமவர் எழும்பினார். பிரதம அதிதி, தவராசா ஐயா.

ஐயா பாலையூற்றில் இருக்கிறார். ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். நல்ல மனிதர். ஆனால் அவர் வீட்டுக்குக் கலியாணக் கார்ட் கொடுக்கப் போகிறவர்கள் அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போக நினைப்பதில்லை. கதை அப்படி. சும்மா சொல்லக்கூடாது, இருந்து கேட்கவும் ஆசையாகத்தான் இருக்கும்.

ஐயா விளிக்கவில்லை. விளிக்காதவர்களையும் சொல்லவில்லை. ஒன்றரை நிமிடம் அழகாகப் பேசினார். நான் மணியைத் தூக்கினேன். அவர் அதைக் கண்டார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“இந்தச் சபையிலே ஓர் எழுத்தாளர் இருக்கிறார். கையிலே மணியோடு, எவ்வளவு அடக்கமாக இருக்கிறார் பாருங்கள். ஊசியையும் பேனாவையும் ஒரே நேர்த்தியோடு ஓட்டுகிற அந்தச் சகோதரியின் பத்தியை வாசிக்காமல் என் வாரம் தொடங்குவதில்லை...”

சபை திரும்பி என்னைப் பார்த்தது. கைதட்டியது.

இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. எனக்குத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த மணி... எவ்வளவு பாரம். ஐஸ்கிரீம்காரர் இதை எப்படித்தான் நாள் முழுக்க ஒரு கையால் தூக்கி அடிக்கிறாரோ. மெதுவாக மடியில் இறக்கி வைத்தேன். நடுவில் மறித்தால் ஐயாவின் மனம் நோகாதா? (யாருடைய மனம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.)

ஐயா என்னிலிருந்து எழுத்துக்குப் போனார். எழுத்திலிருந்து துறைமுகத்துக்கு. துறைமுகத்திலிருந்து தான் சின்ன வயதில் ஏறிப் பார்த்த முதல் கப்பலுக்கு. கப்பலின் சமையல்காரருக்கு. அந்தச் சமையல்காரர் கொடுத்த பிஸ்கற்றுக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி என் பெயருக்கு வருவார், வருவார் என்று காத்திருந்தேன். பிஸ்கற்றிலிருந்து என் பத்திக்கு வர ஒரு வழி இல்லாமலா போகும்?

மதுஷா திரைக்குப் பக்கத்தில் நின்று முதலில் கண்ணால் கேட்டாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். நல்ல ஃபேன். திரை கொஞ்சம் விலகியது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐந்து மீசை எட்டிப் பார்த்தன. வாசலில் நசீர் நானா வந்து நின்று தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். கையில் மணிக்கூடு இல்லை. ஆனாலும் தட்டினார்.

அந்த மீசைகளைக் கண்ட பிறகுதான் எனக்குச் சுரணை வந்தது. மணியைத் தூக்கினேன். தூக்கவும், ஐயா “நன்றி, வணக்கம்” என்று முடிக்கவும் சரியாக இருந்தது.

நேரம் நாலு ஐம்பத்தைந்து. நாடகம் முப்பத்தைந்து நிமிடம். பஸ் ஐந்தரைக்கு. கணக்கு உங்களுக்கே தெரியும். நன்றியுரைக்கு என்று மிச்சம் ஒன்றுமில்லை. அந்த ஒரு பக்கத்தை விழுங்கியது தவராசா ஐயா என்று ஊர் சொல்லும். அது என் மடியில் கிடந்த மணி என்று எனக்குத் தெரியும்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், நெஞ்சிடியோடு வாசிக்க வேண்டாம். நாடகம் நடந்தது. ஒரு வரி வெட்டவில்லை. கிணற்றுச் சண்டைக்கு மண்டபம் குலுங்கியது. யதுர்ஷாவின் மீசை சிரிப்பில் பாதி அழிந்து, அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது. ஆகப் பலமாகச் சிரித்தவர் தவராசா ஐயா. பஸ் ஐந்து முப்பத்துநாலுக்குப் புறப்பட்டது. நாலு நிமிடம் பிந்தியதற்கு நசீர் நானாதான் காரணம். கடைசிக் காட்சியை விட்டுவர அவருக்கு மனமில்லை. ஏழு மணி போல போன் எடுத்தார்.

“புள்ளையள் வந்து சேர்ந்தாச்சு. யானை வரல்ல. வந்திருந்தா, ரெண்டு நிமிசம்தான் எண்டு சொல்லியிருப்பன்.”

தேத்தண்ணீர் குடிக்கும்போது நான் ஐயாவிடம் கேட்டேவிட்டேன், என் பத்தியை உண்மையிலேயே வாராவாரம் வாசிக்கிறாரா என்று. ஐயா பிஸ்கற்றைத் தோய்த்தபடி சொன்னார்:

“வாசிக்கிறனான் பிள்ளை. ஆனா அதுக்காகச் சொல்லேல்லை. மணி அடிக்கிற ஆளை முதலில புகழவேணும். பிறகு மணி அடிக்காது. நாப்பது வருசமா மேடை ஏறுறன்.”

கோபம் வரவேண்டும்தானே? வரவில்லை. வாசிக்கிறேன் என்று சொன்னாரே...

அந்த விழாவில் நான் படித்தது இதுதான். எங்களுக்கு நீளமான பேச்சுப் பிடிக்காது என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். அதெல்லாம் பொய். எங்கள் பெயர் வராத நீளமான பேச்சுத்தான் எங்களுக்குப் பிடிக்காது.

மதுஷாவின் அப்பா எடுத்த வீடியோ பதினொரு செக்கன். ஷிஃப்ட் மாற்றி வந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான். துறைமுகத்தில் அதைக் காட்டாத ஆளில்லையாம். என் கடைக்கும் வந்து காட்டினார். “என்ர மகள் பேசினது அன்ரி,” என்று அவரும் என்னை அன்ரி என்கிறார், என்னை விட மூன்று வயது மூத்தவர். முடிந்ததும் மறுபடி போட்டார். கடைசியில் சின்னப் பிள்ளைகள் கேற்றுக்கு ஓடும் சத்தமும் கேட்கிறது.

அதில் இருப்பதையும், அதற்குச் சற்று முன் நடந்ததையும் சொல்கிறேன். நாலு ஐம்பத்தைந்துக்கு மதுஷாவின் பெயரை அழைத்தார்கள். கையில் அந்த ஒரு பக்கம். திரையைப் பார்த்தாள். வாசலில் நானாவைப் பார்த்தாள். பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தாள். பிறகு மைக்குக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினாள். மணியைக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மேடைக்கு ஏறினாள். எழுதியதை நாலாக மடித்தாள்.

“எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கும்.”

சொல்லிவிட்டு, தனக்குத்தானே மணி அடித்தாள்.